மரத்தடியில் ஒரு வானொலி நிலையம்

பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஹாம் ரேடியோக்காரருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டக் கூடாது என்று கறாராக நிற்கும் குடியிருப்போர் சங்கம். மற்றது இரைச்சல். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து சிற்றலையில் கிளப்பும் கொரகொரப்பில், சேலத்திலிருந்து கூப்பிடுபவரின் குரல்கூடக் காதில் விழாது.

எனவே கருவியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்புகிறார்கள். உலகெங்கும் பரவிவரும் பழக்கம் இது. அமெரிக்க ஹாம் சங்கம் 2016-ல் தேசியப் பூங்காக்களை வைத்து ஓராண்டு நடத்திய நிகழ்ச்சி சூடுபிடித்து, பிறகு 'பார்க்ஸ் ஆன் தி ஏர்' என்ற இயக்கமாகிவிட்டது. பட்டியலில் உள்ள பூங்காவிலிருந்து ஒரே நாளில் 10 தொடர்புகள் கிடைத்தால்தான் கணக்கில் சேரும். நாள் என்றால் கிரீன்விச் நாள். நமக்கு அது காலை 5.30-க்குத்தான் பிறக்கிறது!

சாமான்கள் அதிகமில்லை. செங்கல் அளவில் ஒரு கருவி, லித்தியம் பேட்டரி, 20 மீட்டர் செப்புக் கம்பி. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் அது. கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக ஏறி, அயனி மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். பகலில் சென்னை, கோவை கிடைப்பது இப்படித்தான். 14 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால், வானம் ஒத்துழைக்கும் மாலைகளில் ஐரோப்பா. மோர்ஸ் தெரிந்தவருக்கு 5 வாட்டே போதும். பழைய இரவு விளக்கு பல்பு இதைவிட அதிகம் குடிக்கும்.

வேலையற்ற வேலை என்று தோன்றலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமான் சென்ற குழுவைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் அனுப்பிய குழு அது. 1987-க்குப் பிறகு அங்கிருந்து ஹாம் குரல் ஒலிப்பது அதுவே முதல்முறை. உலகத்தோடு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களை டிசம்பர் 26 காலை சுனாமி உலுக்கியது. தொலைபேசிகள் ஊமையாயின. அதே கருவிகள் வழியாகத்தான், 'உயிரோடு இருக்கிறோம்' என்ற செய்திகள் தவித்துக்கொண்டிருந்த உறவினர்களைச் சென்றடைந்தன. மின் இணைப்பு இல்லாத இடத்தில் சட்டென ஒரு நிலையத்தை எழுப்பும் பயிற்சிக்குப் பூங்காவைவிடத் தோதான இடம் ஏது?

ஆனால் பெங்களூரில் அது அத்தனை சுலபமல்ல. கப்பன் பார்க்கும் லால்பாக்கும் 1975-ல் வந்த பூங்காப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இருப்பவை. தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு. மரத்தின்மேல் கம்பி ஏறுவதைப் பார்க்கும் காவலாளி சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. மரத்தைத் தொடாமல் இருக்க, நீட்டி மடக்கும் தூண்டில் கழியில் கம்பியைக் கட்டலாம். தேர்வெழுதி மத்திய அரசிடம் பெற்ற உரிமத்தின் நகல் பையில் இருப்பது நல்லது. முன்கூட்டியே எழுதி வாங்கிய அனுமதி அதைவிட நல்லது.