அம்பாசடரும் போர்ஷேயும்

அம்பாசடரைக் கண்டால் கட்டை வண்டி என்று நண்பர்கள் நகைக்கின்றனர். அதற்காக வாதாட வந்திருக்கிறேன். 1956ஆம் ஆண்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பாகிய அது 2014 வரை உத்தர்பாராவில் உருவானது. அதிலும் சரி, ஜெர்மானியப் பந்தயச் சாயல் கொண்ட போர்ஷே 911 கரேராவிலும் சரி, பின்சக்கரங்களே வண்டியை உந்துகின்றன.

ஆனால் அம்பாசடரின் எஞ்சின் முன்னால். ஆற்றல் நீண்ட தண்டு வழியே பின்செல்கிறது. போர்ஷேயிலோ எஞ்சினே பின் அச்சுக்கும் அப்பால் அமர்ந்திருக்கிறது. வேகமெடுக்கையில் பாரம் பின்னோக்கிச் சாயும் என்பது இயற்பியல். எஞ்சினின் எடையும் சேர்ந்து அழுத்துவதால் டயர்கள் வழுக்குவதில்லை. 2019ஆம் ஆண்டு வண்டியின் 385 குதிரைத்திறன் வீணாகாதது இதனால்தான்.

பழைய அம்பாசடருக்கோ ஏறத்தாழ 50 குதிரைகளே! ஆயினும் பின்னே அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள், உயர்ந்த அடிப்பாகம். ஆறு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான எங்கள் ஊர்ச் சாலையில் வந்து சேரும். போர்ஷேயின் வயிறு முதல் வேகத்தடையிலேயே உரசிவிடும்.