பென்ட்ரைவ் பழுதானால் கணக்கும் போய்விட்டதா?

வியாபாரத்தில் முதல் என்பது பணமும் சரக்கும் மட்டுமல்ல. யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், களஞ்சியத்தில் என்ன மிச்சம் என்ற கணக்கும் முதல்தான். முன்பு இந்தக் கணக்கு தடித்த கொப்பிகளில் இருந்தது. இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல கடைகளில் அது விரல் நீளமுள்ள பென்ட்ரைவுக்குள் அடங்கிவிட்டது.

வன்னியில் வியாபாரம் செய்பவருக்கு இது சிறிய விடயமல்ல. காலபோகத்துக்குப் பசளையும் கிருமிநாசினியும் கடனாகக் கொடுத்தவர், அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான் காசைக் காண்பார். இடையில் கிடக்கும் அத்தனை மாதக் கொடுக்கல் வாங்கலும் ஒரேயொரு பென்ட்ரைவில் இருந்து, ஒருநாள் காலை அதைச் செருகும்போது, "பாவிக்க முன்னர் இதனைப் போர்மட் செய்யவேண்டும், செய்யவா?" என்று கணினி கேட்டால் என்ன செய்வீர்கள்?

'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்துங்கள். கோப்புகள் திரும்பக் கிடைக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த முதல் சில நிமிடங்களிலேயே தீர்மானமாகிறது.

உள்ளே இருப்பது என்ன?

பென்ட்ரைவுக்குள் முக்கியமான சில்லுகள் இரண்டு. ஒன்று, தரவுகளைச் சேமிக்கும் நினைவகச் சில்லு. மற்றையது, அதனைக் கட்டுப்படுத்தும் சில்லு. நினைவகம் களஞ்சிய அறை என்றால், கட்டுப்படுத்தி அதன் களஞ்சியப் பொறுப்பாளர். எந்தப் பொருள் எந்தத் தட்டில் என்பது பொறுப்பாளருக்கே தெரியும். இந்த நினைவகத் தொழில்நுட்பத்தை 1980களில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கினார். 2000 ஆம் ஆண்டில் பென்ட்ரைவுகள் விற்பனைக்கு வந்தபோது ஐ.பி.எம். விற்றதன் கொள்ளளவு வெறும் 8 மெகாபைட்.

வெளிமுனை உடைந்தாலும் நினைவகச் சில்லு நன்றாக இருக்கலாம். எனவே எது பழுது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

அடையாளம் காண்பது எப்படி?

வேறொரு துளையிலும், முடிந்தால் வேறொரு கணினியிலும் ஒருமுறை செருகிப் பாருங்கள். கணினி அதனை அடையாளம் கண்டு சரியான கொள்ளளவையும் காட்டி, ஆனால் போர்மட் செய்யச் சொன்னால், கோளாறு பெரும்பாலும் கோப்புப் பட்டியலில்தான். கொள்ளளவு பூச்சியம் என்று காட்டினால் கட்டுப்படுத்தியோ நினைவகமோ கெட்டிருக்கலாம்; இதற்கு மென்பொருள் உதவாது. வெளிச்சமும் இல்லை, கணினியில் எந்த அசைவும் இல்லை, அல்லது கையில் சுடுகிறது என்றால் கோளாறு மின்சுற்றில். உடனே கழற்றிவிடுங்கள். மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பது இருப்பதையும் கெடுக்கும்.

பட்டியல் கெட்டிருந்தால்

ஒரு கோப்பை டிலீட் செய்யும்போது அதன் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை வெட்டிவிடுவது போலத்தான் அது. பக்கங்கள் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் புதிய தரவு எழுதப்படும்போதுதான் பழையது உண்மையில் அழிகிறது. ஆகவே கோப்பு காணாமற்போன பென்ட்ரைவில் எதையும் புதிதாகப் பதியக்கூடாது.

முதல் வேலை, பென்ட்ரைவ் முழுவதையும் அப்படியே பிரதிசெய்து வேறொரு வன்தட்டில் வைத்துக்கொள்வது. மீட்புப் பணியை அந்தப் பிரதியிலேயே செய்ய வேண்டும். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் ஆகிய இரண்டும் இலவச மென்பொருட்கள். முன்னையது தொலைந்த பகுதிகளையும் பட்டியலையும் சீர்செய்ய உதவும். பின்னையது பட்டியலைப் பாராமல் கோப்புகளின் அமைப்பைக் கொண்டே அவற்றைத் தேடியெடுக்கும். ஆனால் கோப்புகளின் பழைய பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கா; ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டி வரும். தவறுதலாக டிலீட் செய்தவற்றுக்கு ரெகுவா என்ற மென்பொருளும் பயன்படும். மீட்டவற்றை அதே பென்ட்ரைவில் சேமிக்காதீர்கள். விண்டோஸ் தரும் "பிழை திருத்தும்" வசதியையும் பிரதி எடுக்க முன்னர் தொடாதீர்கள். அது பட்டியலையே மாற்றி எழுதிவிடக்கூடும்.

சிலவேளை போல்டர்கள் எல்லாம் 'ஷோர்ட்கட்' ஆக மாறியிருக்கும். இது வைரஸின் வேலை. பெரும்பாலும் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷோர்ட்கட்டை அழுத்தினால் வைரஸ் உங்கள் கணினிக்கும் வரும். புதுப்பிக்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் சுத்தம் செய்து, மறைந்த கோப்புகளையும் கணினியின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி விண்டோஸில் மாற்றினால் அவை தெரியவரும்.

உடைந்தாலும் நனைந்தாலும்

முனை வளைந்து உள்ளே ஈயப் பற்று விட்டிருந்தால், கைத்தொலைபேசிகளின் நுண்ணிய ஈயப் பற்று வேலை தெரிந்த ஒருவர் மீள ஒட்டித் தரலாம். கட்டுப்படுத்தி கெட்டிருந்தால் நினைவகச் சில்லைத் தனியே கழற்றி வாசிக்க வேண்டும். அதற்கென விசேட கருவி உள்ள ஆய்வுகூடங்களாலேயே இது முடியும், செலவும் அதிகம். எனவே கொடுக்க முன்னர், தரவு கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. அப்படி நனைந்த பென்ட்ரைவை உடனே செருகிப் பார்ப்பதே பெரிய ஆபத்து. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் சுற்று எரியும். சேற்றைச் சுத்தமான நீரால் அகற்றி, கடும் வெயிலில் அல்லாமல் காற்றோட்டமான நிழலில் பல நாட்கள் உலரவிடுங்கள். நியூசிலாந்தில் 2017 இல் சேகரித்துக் குளிரூட்டியில் வைத்திருந்த கடல்நாய் (சீல்) இனமொன்றின் எச்சத்தை 2019 இல் ஆய்வுக்காக உருக்கியபோது அதற்குள் ஒரு பென்ட்ரைவ் இருந்தது. அவசரப்படாமல் நன்றாக உலரவைத்துத் திறந்தபோது அதிலிருந்த படங்கள் அப்படியே கிடைத்தன.

எதுவும் செய்யமுடியாத ஒன்றும் உண்டு. மலிவு விலைக்கு விற்கப்படும் போலிப் பென்ட்ரைவ்கள் 1 டெராபைட் என்று காட்டும். உள்ளே இருப்பதோ அதில் சிறு பங்கு. அந்தப் பங்கு நிறைந்த பிறகு பதிவது எங்கும் தங்குவதில்லை, அல்லது பழையதன் மேல் எழுதப்படும். அதனை எவராலும் மீட்க முடியாது. வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்துப் பாருங்கள்.

யாரிடம் கொடுக்கிறீர்கள்?

வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை இலக்கமும் கடன் விபரமும் உங்களிடம் உள்ள அமானிதம். 2022 இல் ஜப்பானின் அமகாசாக்கி நகரில், சுமார் 4 இலட்சத்து 60 ஆயிரம் குடியிருப்பாளர்களின் விபரம் அடங்கிய பென்ட்ரைவை ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் தொலைத்தபோது நகரசபையே மன்னிப்புக் கோர நேர்ந்தது. பென்ட்ரைவ் பின்னர் கிடைத்தது. தரவு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. உங்கள் கோப்புக்கும் கடவுச்சொல் இடுங்கள். அதனை மறக்காமல் வேறிடத்தில் குறித்து வையுங்கள்.

மீட்பதைவிடக் காப்பது இலகு

ஆவணத்தை இழப்பதென்றால் என்னவென்று வன்னிக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2009 வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்த தமிழர்களும் காணி உறுதிகளையும் கணக்குப் புத்தகங்களையும் இழந்து, பின்னர் தமக்குரியதை நிரூபிக்கப் பட்ட பாடு பெரிது. அன்று பிரதி எடுத்து வைக்க வழியில்லை. இன்று வழி இருக்கிறது. வழியிருந்தும் செய்யாவிட்டால் என்னவாகும் என்பதற்கு அரசாங்கமே உதாரணம்: 2023 இல் லங்கா அரச கிளவுட் தாக்கப்பட்டபோது, இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி இல்லாததால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை.

விதி எளிது: கணக்குக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றுள் 1 கடைக்கு வெளியே. கடைக் கணினியில் ஒன்று, பென்ட்ரைவில் ஒன்று, வீட்டிலுள்ள வன்தட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வாரம் ஒருமுறை கடன் பட்டியலை அச்சிட்டும் வையுங்கள். கடை பூட்டும்போது பெட்டிக் காசை எண்ணுகிறோம். அதோடு இந்தப் பிரதியையும் எடுக்கப் பத்து நிமிடம் போதும். வெள்ளம் வருமுன் அணை கட்டுவதே கெட்டித்தனம்.