மூளைக்காய்ச்சலைத் தேடி வயலுக்குப் போனவர்கள்

சின்னசேலத்தில் விருத்தாசலம் ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மக்காச்சோளமும் மரவள்ளியும் பின்னால் போக, நெல் வயல்கள் தொடங்கும் திசை அது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஒரு நோயைப் பற்றி இந்தியாவில் நடந்த முக்கியமான கள ஆய்வுகளில் சில அந்த விருத்தாசலத்தை மையமாக வைத்து நடந்தவை. அங்கே ஸ்கேன் கருவி கிடையாது. மாட்டுக் கொட்டகையில் அந்தி நேரத்தில் கொசு பிடித்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடமும் ஆடுகளிடமும் ரத்தம் எடுத்தார்கள். நாற்று நட்ட எத்தனையாவது நாளில் கொசுப்புழு பெருகுகிறது என்று வயலில் இறங்கிப் பார்த்தார்கள்.

சின்னசேலம் இருக்கும் கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் இல்லை. 1993-இல் பிரிக்கப்படும் வரை தென்னாற்காடு மாவட்டம், அதன்பின் விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்துதான் கள்ளக்குறிச்சி. அந்தப் பழைய தென்னாற்காட்டில் 1981-ஆம் ஆண்டிலிருந்து மழைக்காலம் வந்தால் மூளைக்காய்ச்சலும் வந்தது. காலையில் காய்ச்சல், மறுநாள் வாந்தி, அடுத்த நாள் வலிப்பு, பிறகு நினைவிழப்பு. 'ஜன்னி கண்டுவிட்டது' என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தவர்களில் சிலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலர் பழைய பிள்ளைகளாகத் திரும்பவில்லை.

வேலூரில் கிடைத்த பெயர்

இந்த நோய்க்கு இந்தியாவில் அடையாளம் கிடைத்ததும் தமிழ்நாட்டில்தான். 1955-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வடாற்காட்டிலிருந்து மூளைக்காய்ச்சலோடு வந்த குழந்தைகளை மருத்துவர்கள் வெப், பெரைரா ஆகியோர் கவனித்து, இது கொசு வழியாக வரும் வைரஸ் நோயாக இருக்கலாம் என்று எழுதினார்கள். புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த வொர்க், ஷா இருவரும் ரத்தப் பரிசோதனை மூலம் அதை உறுதிசெய்தார்கள். ஜப்பானில் 1924-இல் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய அதே ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் அது.

தென்னாற்காட்டில் நோய் பரவியபோது கேள்வி மாறியிருந்தது. என்ன நோய் என்று தெரியும். ஏன் இங்கே, ஏன் இந்த மாதங்களில், ஏன் பிள்ளைகளுக்கு என்பதுதான் தெரியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-இல் மதுரையில் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், விருத்தாசலத்தில் ஒரு களநிலையம் அமைத்து இதைத் தேடியது. ரேச்சல் ரூபன், கஜானனா, தேன்மொழி போன்ற ஆய்வாளர்களின் கட்டுரைகள் அந்த உழைப்பிலிருந்து வந்தவை.

அவர்கள் கண்டதைச் சுருக்கினால் இப்படி: நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசு நெல் வயலில் தேங்கிய நீரில் பிறக்கிறது. அது பெரும்பாலும் மாட்டின் ரத்தத்தைத்தான் குடிக்கிறது. மனிதரைக் கடிப்பது குறைவு. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் பெருகுகிறது. மாட்டின் உடலில் அது பெருகுவதில்லை. மனிதன் இந்தச் சுழற்சியில் தற்செயலாகச் சிக்குகிறவன். அவனிடமிருந்து கொசுவுக்கு மறுபடி வைரஸ் போவதில்லை. ஆகவே நோயாளியைத் தனிமைப்படுத்தி ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று, ஊருக்குள் நடந்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. வைரஸ் உடலில் புகுந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தொற்று ஏற்பட்டவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே மூளை தாக்கப்படுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது என்றால், அதன் ஊரில் அந்த வைரஸ் சத்தமில்லாமல் பல வீடுகளுக்குள் போய்விட்டு வந்திருக்கிறது என்று பொருள்.

மூளைக்குள் நடப்பது

அந்த ஒருவருக்கு வருவது சாதாரணம் இல்லை. வைரஸ் மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் பகுதியையும், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் நரம்புமுடிச்சுகளையும் தாக்குகிறது. அதனால்தான் பிழைத்த பிள்ளைகளிடம் கை கால் முறுக்கிக்கொள்வது, முகம் உணர்ச்சியற்றுப் போவது, நடுக்கம் என வயதானவர்களின் பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகள் தெரிகின்றன. சிலருக்குப் பேச்சு போகும், சிலருக்கு வலிப்பு நிலைத்துவிடும். பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை முன்கோபியாக, மறதிக்காரனாக மாறுவதும் உண்டு. மூளை தாக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் வரை இறக்கிறார்கள். பிழைப்பவர்களில் பெரும் பங்கினர் ஏதோ ஒரு குறையோடுதான் வீடு திரும்புகிறார்கள். வைரஸைக் கொல்லும் மருந்து இன்றைக்கும் இல்லை.

மருந்து இல்லாத நோய்க்குத் தடுப்புதான் வழி. மதுரை மையத்தினர் வயலிலேயே ஒரு வழி தேடினார்கள். வேப்பம் பிண்ணாக்கு பூசிய யூரியாவை இட்டு, தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் கொசுப்புழுக்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் லட்சக்கணக்கான ஏக்கரில், மழை பெய்யும் சம்பா பருவத்தில், தண்ணீரை நினைத்தபடி வடிக்க எந்த விவசாயியால் முடியும்?

திருப்பம் வடக்கிலிருந்து வந்தது. 2005-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அடுத்த ஆண்டே 1 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி முகாம்கள் தொடங்கின. நோய் அதிகமுள்ள மாவட்டங்களின் பட்டியலில் அன்றைய விழுப்புரமும் இடம்பெற்றது. இப்போது அந்த மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு தவணை. தடுப்பூசி அட்டையில் அந்த இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று தாய்மார்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசிக்குப் பிறகும் காய்ச்சல்

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். கோரக்பூரில் முடியவில்லை. தடுப்பூசி போட்ட பின்பும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிள்ளைகள் நினைவிழந்து வந்துகொண்டே இருந்தார்கள். பரிசோதித்தால் ஜப்பானிய வைரஸ் சிலரிடம் மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்கு என்ன?

விடை தேடியவர்களில் சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் உண்டு. மனோஜ் முர்ஹேகர் உள்ளிட்டோர் 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த ஆய்வுகளில், அங்கே மூளைக்காய்ச்சலோடு வந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றின் தடயம் இருந்தது தெரியவந்தது. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிறார்களே, அதுதான். புதரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் இளம்புழு கடித்தால் வரும் பாக்டீரியா நோய். யாருக்கு வருகிறது என்று தேடியபோது, வெளியில் விளையாடும், திறந்தவெளியில் மலம் கழிக்கும், வீட்டில் விறகு அடுக்கி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. மறுபடியும் விடை ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் கிடைத்தது.

பீகாரின் முசாபர்பூரில் இன்னொரு புதிர். லிச்சிப் பழக் காலத்தில் விடியற்காலையில் பிள்ளைகள் வலிப்பு கண்டு இறந்தார்கள். வைரஸைத் தேடி அலுத்துப்போன நிலையில், வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய வைரஸியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், இது தொற்றே இல்லை என்று வாதாடினார். இரவுச் சாப்பாடு இல்லாமல் தூங்கும் மெலிந்த பிள்ளை, பகலில் தோப்பில் லிச்சி தின்றிருந்தால், பழத்தில் உள்ள நச்சு உடலில் சர்க்கரை உருவாவதைத் தடுத்துவிடுகிறது. 2014-இல் நடந்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வும் அதையே காட்டியது. உடனே குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். பசியும் மூளையைத் தாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கல்வராயன் அடிவாரத்துக்கு என்ன சேதி?

சின்னசேலத்திலிருந்து வடமேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு ஊர்களில் ஆடு மேய்ப்பதும் சுள்ளி பொறுக்குவதும் பிள்ளைகளுக்கு அன்றாடம். கச்சிராயப்பாளையம் பக்கம் கோமுகி அணை நீரில் நெல் விளைகிறது. ஒரே வட்டாரத்தில் கொசுவுக்கான வயலும் உண்டு, பூச்சிக்கான புதரும் உண்டு. ஆகவே இங்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு நினைவு தடுமாறினால், ஒரே ஒரு காரணத்தை மனதில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது.

இதில் ஒரு நல்ல சேதி ஒளிந்திருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு மருந்து இல்லை. ஸ்க்ரப் டைபஸுக்கு உண்டு, அதுவும் விலை குறைந்த டாக்சிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின். காய்ச்சல் என்றதும் வழக்கமாகப் போடப்படும் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் 15 வயதுக்கு மேற்பட்ட 794 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் மூளை தாக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. முதல் வாரத்திலேயே சந்தேகித்துக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

சந்தேகிக்க ஒரு தடயம் உண்டு. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், அரைஞாண் கயிறு இறுக்கும் இடுப்பு ஆகிய இடங்களில் தேட வேண்டும். எல்லோருக்கும் அது இருப்பதில்லை. இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, மந்திரிக்கக் கூட்டிப்போவது எல்லாம் நேரத்தைத் தின்னும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், 108-க்குச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நேரமே நீளமானது. அதில் ஒரு மணி நேரத்தை நாமே கூட்டக்கூடாது.

பிழைத்து வந்த பிள்ளைக்குச் சிகிச்சை அங்கே முடிவதில்லை. இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தொடர்ந்து வலிப்பு மாத்திரை எல்லாம் தேவை. இதற்கென மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர் என ஏற்பாடுகள் இருக்கின்றன. மலைக்கிராமத்துப் பிள்ளை வரை அவை போய்ச் சேர்கின்றனவா என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தென்னாற்காட்டு நெல் வயல்களுக்கு விருத்தாசலம் களநிலையம் செய்த வேலையைக் கல்வராயன் புதர்களுக்கு அந்தக் கல்லூரி செய்யலாம்: மலைக்கிராமங்களில் காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் ரத்தத்தை ஆண்டு முழுக்கப் பரிசோதித்து, எந்த மாதம் எந்த ஊரில் எது வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டால் போதும். பிள்ளை படுத்தபின் காரணம் தேடுவதற்குப் பதிலாக, மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் எந்த மாத்திரையை எந்த மாதத்துக்கு முன்பே வாங்கி வைப்பது என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.