எடிட்டருக்குப் பின்னால் யார்?

பின்தளத்துக்கு ஜாவா, கணக்குக்குப் பைத்தான், திரைக்கு டைப்ஸ்கிரிப்ட். மூன்றுக்கும் சேர்த்து எந்த ஐடிஇ நல்லது என்று ஒரு கல்லூரி வாசகர் கேட்டிருக்கிறார். பெயர்களெல்லாம் அவருக்கே தெரிந்திருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது எடிட்டருக்குப் பின்னால் ஓடி, பிழை காட்டுவது போன்ற மொழியறிவு வேலைகளைச் செய்யும் லேங்குவேஜ் சர்வரைத்தான்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மண்டபம் மாறும், சமையல் குழு மாறாது. 2016-ல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி சேர்ந்து அறிவித்த லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் செய்ததும் அதுவே. மொழியறிவு தனி நிரலாகிவிட்டது. விஎஸ் கோடு, நியோவிம் என எந்த எடிட்டரும் அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். எக்லிப்ஸ் கனக்கிறது என்று விஎஸ் கோடுக்கு ஓடிவந்து, ரெட் ஹாட்டின் ஜாவா எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்பவர்களுக்கு உள்ளே பரிமாறுவது எக்லிப்ஸின் ஜாவா எஞ்சின்தான்!

இதில் எனக்குப் பிடித்த கோணல் ஒன்று உண்டு. பிழை எந்த இடத்தில் என்பதைச் சர்வர் வரி எண்ணாலும் எழுத்து எண்ணாலும் சொல்லும். எழுத்தை எண்ணுவது யுடிஎஃப்-16 கணக்கில். ரஸ்ட், கோ போன்ற மொழிகளோ யுடிஎஃப்-8 பழக்கம் கொண்டவை. ‘நிலா’ கண்ணுக்கு இரண்டு எழுத்து. முதல் கணக்கில் 4 அலகு, இரண்டாவதில் 12 பைட். மாற்றிக் கணக்கிட மறந்த சர்வர், அதே வரியில் ‘நிலா’வுக்குப் பின் வரும் பிழைக்கு எட்டு இடம் தள்ளிச் சிவப்புக் கோடு போடும். ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கணக்கும் ஒன்றே என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படாது. 2022-ல் வந்த 3.17 பதிப்பு யுடிஎஃப்-8-க்கும் வழிவிட்டது. யுடிஎஃப்-16 ஆதரவு இன்னமும் கட்டாயம்.

கறுப்புத் தீம் அழகாயிருக்கிறதா என்று பார்த்து எடிட்டரைத் தேர்வு செய்கிற பிள்ளைகள், ஒரு வரி தமிழைத் தட்டிப் பார்க்கக் கூடாதா? டர்போ சி++-இன் நீலத்திரையோடு பாடத்தை முடித்துவிடும் கல்லூரிகளிடம் இதை எதிர்பார்க்கவும் முடியாது.

வாசகருக்கு ஓர் எச்சரிக்கை: ஒரு மொழியின் சர்வருக்கு அடுத்த மொழி தெரியாது. ஜாவாவில் ஒரு புலத்தின் பெயரை மாற்றினால் டைப்ஸ்கிரிப்டில் பழைய பெயரே இருக்கும். ஜாவாதான் பெரும்பங்கு என்றால் இன்டெல்லிஜே எடுங்கள். அதன் மொழியறிவு சொந்தச் சரக்கு, கைதேர்ந்தது. மூன்றும் சமபங்கு என்றால் விஎஸ் கோடு போதும். ஆனால் மூன்று சர்வரும் ஒன்றாக ஓடினால் 8 ஜிபி ரேம் மூச்சு வாங்கும். அந்தந்த புராஜெக்ட்டுக்குத் தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை அணைத்து வையுங்கள்.