கழுவும் முன் ஏர் ஃபில்டர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வெள்ளம் வடிந்ததும் பாகூரில் எங்க வீட்டு வாசலில் நின்ற காரின் பானட்டைத் திறந்தேன். இன்ஜினின் அடியில் வண்டல், வைக்கோல்.

ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் கை போச்சு. செய்யலை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளையும். அதனால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க. நனைந்திருந்தால் சாவியைத் தொடாதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தாலும் அதேதான். என் காரில் இரண்டும் சரியாக இருந்தன.

அப்புறம்தான் கழுவினேன். பேட்டரி நெகட்டிவ்வை முதலில் கழற்றணும், கடைசியில் மாட்டணும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காற்றுக்குழாய் வாய்க்குப் பாலித்தீன் கவர். பிரஷர் வாஷர் வேண்டாம். கனெக்டர் சீலைத் தாண்டித் தண்ணீர் புகுந்துடும். ஷாம்பூ தண்ணி, பழைய பெயிண்ட் பிரஷ், ஈரத்துணி போதும். பிறகு பானட்டைத் திறந்தே வைத்து நல்லா காயவிட்டேன்.

சேறு போனபிறகுதான் எலி கடித்த ஒயர் ஒன்று கண்ணில் பட்டது. வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டைத் தேடும்; இன்ஜினும் ஒரு மேடுதானே. கழுவுவது பளபளப்புக்காக இல்லை, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க.