பந்து நழுவாமல் இருக்க...

நிமிர்ந்து நில்லுங்கள். தொடை தொடங்கும் இடத்தில் கையை வையுங்கள். அங்கே ஆழத்தில் ஒரு பந்து, கிண்ணத்துக்குள் உருள்கிறது. தொடை எலும்பின் தலைதான் பந்து. இடுப்பெலும்பின் குழிதான் கிண்ணம். நீங்கள் சுவரேறிக் குதித்தாலும் அந்தப் பந்து ஏன் வெளியே வந்துவிடுவதில்லை?

எலும்பை எலும்போடு கட்டும் நார்கள் மூட்டை உறைபோலச் சூழ்ந்திருக்கின்றன. முன்பக்க நார், தலைகீழாகப் பிடித்த கவட்டையைப் போல இரண்டாகப் பிரிந்தது. உடலின் நார்களில் வலிமை மிக்கது இதுதான். நிற்கும்போது முறுக்கேறி இறுகும், உட்காரும்போது தளரும். காலை உட்புறமாகத் திருப்பினால் பின்பக்க நார் இறுகி, "போதும், நில்" என்கிறது.

மூட்டு தேய்ந்து, வலியால் நடக்க இயலாதவர்களுக்குச் செயற்கை மூட்டு பொருத்துகிறார்கள். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962இல் எஃகுப் பந்தையும் பாலிதீன் கிண்ணத்தையும் இணைத்து வெற்றி கண்டார். உராய்வைக் குறைக்கப் பந்தைச் சிறிதாக்கினார். விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். இயற்கைப் பந்தோ அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு!

சிக்கல் இங்கேதான். மூட்டைப் பொருத்த நாருறையை வெட்டித் திறந்தாக வேண்டும். பிறகு, நோயாளி தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தால், பந்தைத் தாங்கும் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். கடப்பாரை போல் பந்தை நெம்பிவிடும். அரைக்கோளக் கிண்ணத்திலிருந்து வெளியேற, பந்து தன் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி தூரம் நகர வேண்டும். 22 மி.மீ. பந்துக்கு அது 11 மி.மீ.; 36 மி.மீ. பந்துக்கு 18. பெரிய பந்து எளிதில் நழுவாது.

விளிம்பே பந்தைக் கவ்விக்கொண்டால்? நழுவாதுதான். ஆனால் முட்டும் விசை கிண்ணத்தையே எலும்பிலிருந்து அசைத்துத் தளர்த்திவிடக்கூடும். பிரான்சில் பூஸ்கே 1970களில் வேறு வழி கண்டார்: சிறு பந்தைப் பெரிய பாலிதீன் பந்துக்குள் வைத்து, அதை உலோகக் கிண்ணத்தில் சுழலவிட்டார். கெட்டிக்கார யோசனை!

செயற்கைக் கயிற்றால் கட்டிவிடலாமே என்பீர்கள். நிற்கையில் இறுகி, உட்கார்கையில் தளர ஒற்றைக் கயிற்றால் முடியாது. மேலும், ஒரு கால் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் அடி வைக்கிறது. உயிருள்ள நார் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும், கயிறு நைந்துபோகும். எனினும், புற்றுக்கட்டியோடு நார்களையும் அகற்ற நேர்ந்தவர்களுக்குப் பாலியஸ்டர் வலையுறை உதவுகிறது. அவர்களுடைய சொந்தத் திசுவே வலைக்கண்களில் வளர்ந்து பற்றிக்கொள்கிறது.

மற்றவர்களுக்கு, வெட்டிய உறையை எறிந்துவிடாமல் திரும்பத் தைத்துவிடுகிறார்கள். அது ஆறும்வரை சில வாரங்களுக்குக் கால்மேல் கால் போடாதீர்கள் என்று பல மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.