அடுக்களையும் ஊழியக் களம்தான்!

"காலையில பள்ளிக்கூடம், சனிக்கிழமை ஊழியம், ஞாயிற்றுக்கிழமை கோயில், இதுக்கு நடுவில வீடு, பிள்ளைகள்... எப்படி டீச்சர் சமாளிக்கீங்க?"

சபையில் என்னைப் பார்க்கும் இளம் தாய்மார்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது.

நாகர்கோவில் பக்கத்தில், அரசு உதவி பெறும் ஒரு நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடங்களாக நான் கணக்கு டீச்சர். கணவருக்கு ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். ஆகவே கணக்கு டீச்சராகவே பதில் சொல்லிவிடுகிறேனே! ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனால் விடை வராது. கழிக்கவும் தெரிய வேண்டும்.

பானையில் ஒரு பிடி

ஊழியம் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்புவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் பாட்டிமார் வீட்டை விட்டு நகராமலே ஊழியம் செய்தார்கள். சோற்றுக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். சங்கத்துப் பெண்கள் அதைச் சேர்த்து விற்று, அந்தப் பணத்தை ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். மிசோரம் மாநிலத்திலும் இதே வழக்கம் உண்டு. அங்கே சபைகளின் வருமானத்தில் இந்தப் பிடியரிசிக்கு முக்கியமான இடம் இருக்கிறது என்றால் பாருங்களேன்!

எங்கள் ஊர்க் கதை இன்னொன்று. 1819-ல் ஜோஹன்னா மீட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைக்கு அது டதி பள்ளி. அடுத்து மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இருவருமே மிஷனரிமாரின் மனைவியர். குடும்பம் நடத்திக்கொண்டே இதையும் செய்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு. மடியில் வைத்துப் பின்னிய ஒரு கைவேலைக்கு எத்தனை பலம்!

மூன்று வேலிகள்

பள்ளி, வீடு, ஊழியம் - மூன்றும் எனக்கு வேண்டும். ஒன்று மற்றொன்றை மேய்ந்துவிடாதபடி மூன்றுக்கும் வேலி கட்டியிருக்கிறேன்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் நான் கணக்கு டீச்சர் மட்டும்தான். என் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உதவி பெறும் பள்ளிகளில் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று நமது அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் மனசு ஒப்பாது. அம்மா நம்பி அனுப்பிய பிள்ளை அல்லவா? பின்னக் கணக்கு புரியாமல் விழிக்கும் பிள்ளையைப் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் அங்கே என் சாட்சி.

மாலை ஆறிலிருந்து எட்டரை வரை வீட்டுக்கு. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்தி வந்தாலும் எட்டரைக்கு மேல்தான் பார்ப்பேன். குடும்ப ஜெபம் பத்தே நிமிஷம். பிள்ளைகள் தூங்கி விழும் வரை நீட்டுவதில்லை.

சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை ஊழியத்துக்கு. முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் பெண்களின் வீடுகளுக்குப் போவோம். முந்திரி ஓட்டுப் பால் பட்டால் தோல் பொத்துவிடும். விரல்கள் கறுத்துப் போகும். அந்தக் கைகளால் பாங்குப் பாரம் நிரப்பத் தெரியாது. நாங்கள் நிரப்பிக் கொடுப்போம். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்போம். "ஜெபம் பண்ணுங்கம்மா" என்று கேட்டால் ஜெபிப்போம். கேட்காவிட்டால் ஒரு வாய் கட்டன் சாயா குடித்துவிட்டு வருவோம்.

ஊர் பேசிய வருடம்

இதெல்லாம் நேராக ஓடிக்கொண்டிருந்தபோதுதான், மூன்று வருடங்களுக்கு முன் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன். மகளோ பிளஸ் டூ. அதே மாதம் சங்கத்தில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப் பேச்சு!

அன்று இரவே நானும் கணவரும் உட்கார்ந்து பேசினோம். "உனக்கு ஆசைதானே?" என்று கேட்டார். ஆசைதான், மறைப்பானேன்? ஆனால் கழிக்க வேண்டிய கணக்கு இது என்று இருவருக்குமே தெரிந்தது. "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வேலையையும் சங்கத்து இளம்பெண் ஒருத்தியிடம் ஒப்படைத்தேன். ஞாயிறு பள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பேச்சு வராமல் இருக்குமா? "வீட்டைச் சாக்குச் சொல்லி ஊழியத்தை விட்டுட்டாங்க" என்றார்கள். வலித்தது. மாமியாருக்குக் கால் பிடித்துவிடும்போது கண்ணில் நீர் முட்டியது. அவர் கவனித்துவிட்டு, "மக்களே, கிடக்கிறவளைப் புரட்டிப் போடுவதும் கர்த்தருக்குச் செய்வதுதான். அரிசிப் பானையில பிடி போட்டியா, இல்லையா?" என்றார். அன்று மறந்துதான் போயிருந்தது. எழுந்து போய்ப் போட்டேன்.

இரண்டாம் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், முந்திரி ஆலைப் பெண்கள் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். "டீச்சர் வரல்லியேன்னு பார்க்க வந்தோம்" என்றார்கள். அப்புறம் வாரம் ஒருத்தியாக வந்தார்கள். மாமியாரின் ஒரு பக்கம் வாக்கர், மறுபக்கம் கறுத்துப்போன அந்த விரல்கள். அப்படித்தான் அவர் மறுபடி நடை பழகினார். நான் அவர்களிடம் போக முடியாத வருடத்தில் அவர்கள் என்னிடம் வந்தார்கள்!

உடம்பையும் கவனியுங்கள்

வாரம் முழுக்க வகுப்பில் கத்தி, ஞாயிறன்று பாட்டும் பாடினால் தொண்டை என்னத்துக்காகும்? பாடவேளைகளுக்கு நடுவே இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். சத்தம் போடுவதற்குப் பதில் கையைத் தட்டிப் பிள்ளைகளை அடக்கலாம். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். உபவாச ஜெபம் நல்லதுதான். ஆனால் கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. இரவில் ஏழு மணி நேரத் தூக்கத்தில் கை வைத்து ஊழியம் செய்தால், மறுநாள் எரிச்சலெல்லாம் வீட்டுப் பிள்ளைகள் தலையில்தான் விடியும்.

சகோதரிகளே, இன்று இரவு ஒரு தாளை எடுத்து உங்கள் வாரத்தை எழுதிப் பாருங்கள். கணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாலு ஊழியத்தில் பெயர் கொடுப்பதைவிட, ஒன்றை எடுத்து நிலையாகச் செய்யுங்கள். கைக்குழந்தையோ, படுக்கையில் பெரியவர்களோ இருக்கும் வருடம் வந்தால், "இப்போது முடியாது" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடத்துக்கு அரிசிப் பானையில் ஒரு பிடி போதும்.

பிள்ளைகள் வளர்வார்கள்; நேரம் தானாகத் திரும்பி வரும். அடுத்த ஜூனிலிருந்து செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறேன்.